வேலையோடு வந்தது, வேலையோடு போனது

சென்ற ஞாயிற்றுக்கிழமை தேக்கா சந்தையில் காய்கறி வாங்கிக்கொண்டிருந்தபோது ஓர் இளைஞர் வந்து அறிமுகம் செய்துகொண்டார். ஊரிலிருந்து வந்து ஏழு மாதம் ஆகிறதாம். எம்ப்ளாய்மென்ட் பாஸில் வேலை. தை மாதத்தில் கல்யாணம், பிறகு மனைவியை இங்கே அழைத்துக்கொள்ளப் போகிறார். இரண்டு மூன்று விஷயங்களைப் பேசிவிட்டுத் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"அண்ணே, தனியா மருத்துவக் காப்புறுதி எடுக்கணும்னு சொல்றாங்க. கம்பெனிதான் கொடுக்குதே, எதுக்கு ரெண்டு?"

கையில் முருங்கைக்காய்க் கட்டு, பின்னால் வரிசை. அங்கே நின்றபடி பதில் சொல்ல முடியவில்லை. "எழுதறேன் தம்பி, படிங்க" என்று சொல்லி வந்தேன். இந்த வாரப் பத்தி அவருக்காக. அவரைப் போலவே நினைத்துக்கொண்டிருக்கும் மற்றவர்களுக்காகவும்தான். ஏனென்றால் அதே கேள்வியை அதே சொற்களில் நானும் ஒரு காலத்தில் கேட்டிருக்கிறேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் காப்புறுதி முகவர் அல்லன். விற்பதற்கு என்னிடம் எந்தத் திட்டமும் இல்லை. என்னிடம் இருப்பது பட்ட அனுபவம் மட்டுமே.

பர்ஸில் இருந்த அட்டை

நான் 2012ல் மாயவரத்திலிருந்து இங்கு வந்தேன். மென்பொருள் நிறுவனத்தில் வேலை. சேர்ந்த முதல் வாரமே மனிதவளப் பிரிவில் ஒரு பிளாஸ்டிக் அட்டை கொடுத்தார்கள். சளி, காய்ச்சல் என்றால் மருந்தகத்தில் அட்டையைக் காட்டினால் போதும். 2016ல் திருமணமாகி மனைவி வந்ததும் அவளுக்கும் ஓர் அட்டை வந்தது. மருத்துவச் செலவு என்ற பேச்சே வீட்டில் எழவில்லை.

எங்கள் அலுவலகத்தில் வயதில் மூத்த அண்ணன் ஒருவர் இருந்தார். "கம்பெனி அட்டை கம்பெனியோடது தம்பி. உடம்பு நல்லா இருக்கும்போதே உன் பேருல ஒண்ணு எடுத்து வச்சிக்கோ" என்று இரண்டு முறை சொன்னார். மாதம் எண்பது, நூறு வெள்ளி வீணாகக் கட்டுவதா என்று நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அந்தப் பணத்தில் ஊருக்கு ஒரு விமானச் சீட்டு வாங்கலாமே என்று கணக்குப் போட்டேன்.

2018ல் நிறுவனம் எங்கள் பிரிவையே மூடியது. மரியாதையாகத்தான் அனுப்பினார்கள். இழப்பீடு கொடுத்தார்கள், கைகுலுக்கினார்கள். வேலை அனுமதி ரத்தானது. மனைவியின் அனுமதியும் அதோடு ரத்தானது. நாட்டில் தங்க எங்களுக்கு 30 நாள் வருகை அனுமதி கிடைத்தது. அந்த 30 நாளுக்குள் வேலை தேட வேண்டும், இல்லையென்றால் வீட்டைக் காலி செய்துவிட்டுக் கிளம்ப வேண்டும். அந்த அவசரத்தில் பர்ஸில் இருந்த பிளாஸ்டிக் அட்டையைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை.

ஒன்பதாம் நாள் இரவு மனைவிக்கு வயிற்றுவலி. சுடுதண்ணீர் குடித்தாள், ஓமம் மென்றாள், எதற்கும் அடங்கவில்லை. விடியற்காலை மூன்று மணிக்கு ஓர் அரசாங்க மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு ஓடினோம். குடல்வால் அழற்சி, உடனே அறுவை சிகிச்சை செய்ய வேண்டும் என்றார்கள்.

பதிவு முகப்பில் நான் பழக்கதோஷத்தில் அட்டையை நீட்டினேன். அந்தப் பெண் கணினியில் பார்த்துவிட்டு மெதுவாகத் திருப்பிக் கொடுத்தார். "சார், இது போன மாதமே முடிந்துவிட்டது."

சிகிச்சை நிற்கவில்லை. அந்த வகையில் இந்த ஊருக்கு நான் நன்றி சொல்வேன். முன்பணம் கட்டச் சொன்னார்கள். கட்டினேன். மூன்று நாள் கழித்து வந்த கட்டணச் சீட்டு பதினோராயிரம் வெள்ளியைத் தாண்டியிருந்தது. வேலை போனதற்காகக் கிடைத்த இழப்பீட்டில் பெரும்பகுதி அந்த மூன்று நாளில் போய்விட்டது.

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று அந்தச் சீட்டில் இல்லை. வயிற்றை ஸ்கேன் செய்தபோது பித்தப்பையில் சிறு கற்கள் இருப்பது தெரிந்தது. "இப்போதைக்குத் தொந்தரவில்லை, கவனித்துக்கொள்ளுங்கள்" என்றார் மருத்துவர். அந்த ஒரு வரி மருத்துவக் குறிப்பில் ஏறியது. அதன் விலை எங்களுக்குப் பின்னால்தான் தெரிந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

யாருக்கு எது கட்டாயம்?

இந்த ஊரில் வேலை செய்யும் நம்மவர் பலருக்கும் தெளிவில்லாத இடம் இது.

சிங்கப்பூர்க் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மெடிஷீல்டு லைஃப் இருக்கிறது. 2015 நவம்பரில் நடப்புக்கு வந்த திட்டம். வாழ்நாள் முழுவதும், ஏற்கெனவே நோய் இருந்தாலும், அவர்கள் அனைவருக்கும் அடிப்படைப் பாதுகாப்பு உண்டு. சந்தாவை மெடிசேவ் கணக்கிலிருந்து கட்டலாம். அரசாங்க மருத்துவமனைகளில் கட்டணக் கழிவும் உண்டு. எம்ப்ளாய்மென்ட் பாஸில் இருக்கும் நமக்கு மத்திய சேமநிதியும் இல்லை, மெடிசேவும் இல்லை, மெடிஷீல்டு லைஃபும் இல்லை, கட்டணக் கழிவும் இல்லை. அரசாங்க மருத்துவமனைக்குப் போனாலும் முழுக் கட்டணம்தான். "கவர்மென்ட் ஆஸ்பத்திரிதானே, என்ன ஆயிடப் போகுது" என்று ஊர் ஞாபகத்தில் நினைப்பவர்கள் இதைக் கொஞ்சம் மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

வொர்க் பெர்மிட், எஸ் பாஸ் வைத்திருக்கும் ஊழியர்களுக்கு முதலாளி மருத்துவக் காப்புறுதி வாங்கியே ஆக வேண்டும் என்பது சட்டம். ஆண்டுக்குக் குறைந்தது 15,000 வெள்ளி என்று இருந்த வரம்பு 2023 ஜூலை முதல் 60,000 வெள்ளியாக உயர்ந்தது. மருத்துவமனையில் தங்கிப் பெறும் சிகிச்சைக்கும் அன்றே வீடு திரும்பும் அறுவை சிகிச்சைக்கும் அது பொருந்தும்.

எம்ப்ளாய்மென்ட் பாஸ்காரருக்கு அப்படிப்பட்ட கட்டாயம் இல்லை. நிறுவனம் கொடுத்தால் உண்டு, கொடுக்காவிட்டால் கேட்க முடியாது. கட்டுமானத் தளத்தில் வேலை செய்யும் தம்பிக்குச் சட்டம் உறுதிசெய்யும் ஒன்று, குளிரூட்டிய அறையில் இருக்கும் நமக்கு நிறுவனத்தின் விருப்பத்தைப் பொறுத்தது. பெரிய நிறுவனங்கள் நல்ல திட்டங்களையே கொடுக்கின்றன. ஆனால் அது வேலையோடு வருவது, வேலையோடு போவது. உங்களுக்குச் சொந்தமானது அல்ல. சந்தையில் அந்தத் தம்பி கேட்ட கேள்விக்கு என் பதிலின் சாரம் இதுதான்.

வேலை போகிற நேரம்தான் கையில் காசு குறைவாக இருக்கும் நேரம். மன உளைச்சலில் உடம்பு கெடுவதும் பெரும்பாலும் அப்போதுதான். சரியாக அந்த நேரத்தில்தான் அட்டை செத்துப்போகிறது.

பொய் எழுதி வாங்கும் காகிதம்

இருபத்தாறாம் நாள் எனக்கு வேறு வேலை கிடைத்தது. புதிய அனுமதி வந்ததும் முதல் வேலையாகக் காப்புறுதி முகவர் ஒருவரை வீட்டுக்கு அழைத்தேன். வெளிநாட்டவர்கள் வாங்கக்கூடிய திட்டங்கள் இரண்டு வகை. ஒன்று, இங்குள்ள சில காப்புறுதி நிறுவனங்கள் செல்லுபடியாகும் அனுமதி வைத்திருப்போருக்கு விற்கும் உள்ளூர் மருத்துவமனைத் திட்டம். சந்தா முழுவதும் ரொக்கமாகக் கட்ட வேண்டும். மற்றது, பல நாடுகளில் செல்லுபடியாகும் அனைத்துலகத் திட்டம். விலை கூடுதல். நாங்கள் முதல் வகையை எடுத்தோம்.

படிவத்தில் பக்கம் பக்கமாகக் கேள்விகள். எனக்கு அப்போது இரண்டு ஆண்டுகளாக இரத்த அழுத்த மாத்திரை. மனைவிக்குப் பித்தக்கல். முகவர் பேனாவை மூடி வைத்துவிட்டு, "இதெல்லாம் சின்ன விஷயம் அண்ணே. எழுதினா இழுத்தடிப்பாங்க. விட்டுடுவோம்" என்றார்.

எனக்கும் சபலம்தான். மனைவி காப்பி டம்ளர்களை வைத்தபடியே சொன்னாள்: "ஏங்க, பொய் எழுதி வாங்குற காகிதத்துக்கு மாசா மாசம் காசு கட்டணுமா?"

எல்லாவற்றையும் எழுதினோம். ஐந்து வாரம் இழுத்தார்கள். மருத்துவரின் கடிதம் கேட்டார்கள். கடைசியில் என் இரத்த அழுத்தத்தைக் கூடுதல் சந்தாவோடு ஏற்றுக்கொண்டார்கள். மனைவிக்குத் திட்டம் கிடைத்தது, ஆனால் பித்தப்பை தொடர்பான எந்தச் சிகிச்சைக்கும் பணம் கிடையாது என்று ஒரு வரி சேர்த்திருந்தார்கள். ஓராண்டு முன்னால் அந்த அண்ணன் சொன்னபோதே வாங்கியிருந்தால் அந்த வரி இருந்திருக்காது. கற்கள் அப்போதும் உள்ளே இருந்திருக்கலாம். ஆனால் எங்களுக்கோ எந்த மருத்துவருக்கோ அது தெரியாது, மறைத்ததாகவும் ஆகாது.

2023ல் அந்தக் கற்கள் வேலையைக் காட்டின. விடுமுறையில் ஊருக்குப் போனபோது திருச்சியில் அறுவை சிகிச்சை செய்துகொண்டாள். செலவு முழுவதும் கைக்காசு. நோய் தெரிந்த பிறகு வாங்கும் காப்புறுதியில் எல்லாவற்றுக்கும் இடமிருக்கும், அந்த நோய்க்கு மட்டும் இருக்காது.

உண்மையை எழுதியதன் பலன் அதற்கு முந்தைய ஆண்டே தெரிந்தது. 2022ல் இங்கே டெங்கி வெகுவாகப் பரவியது நினைவிருக்கும். என்னையும் பிடித்தது. இரத்தத் தட்டணுக்கள் இறங்கி ஐந்து நாள் மருத்துவமனையில் கிடந்தேன். கோரிக்கை போனதும் காப்புறுதி நிறுவனம் நான் வழக்கமாகப் போகும் மருந்தகத்தின் குறிப்புகளைக் கேட்டு வாங்கியது. அதில் இரத்த அழுத்த மாத்திரை எத்தனை ஆண்டாகச் சாப்பிடுகிறேன் என்பதெல்லாம் தேதியோடு இருந்தது. படிவத்தில் நான் எழுதியதும் அதுவும் ஒத்துப்போயின. பணம் வந்தது.

மறைத்திருந்தால்? டெங்கிக்கும் இரத்த அழுத்தத்துக்கும் என்ன சம்பந்தம் என்று நாம் கேட்கலாம். ஆனால் தங்கள் முடிவைப் பாதிக்கக்கூடிய உண்மையை மறைத்தார் என்று காட்ட முடிந்தால் ஒப்பந்தத்தையே செல்லாது என்று சொல்ல அவர்களுக்கு வழி இருக்கிறது. "விட்டுடுவோம்" என்று சொன்ன முகவர் அன்று பக்கத்தில் இருக்க மாட்டார். கையெழுத்து நம்முடையது.

தேர்ந்தெடுக்கும்போது பார்க்க வேண்டியவை

விளம்பரத் தாளில் பெரிய எழுத்தில் இருப்பது ஆண்டு வரம்பு. பத்து லட்சம் வெள்ளி என்றெல்லாம் போட்டிருக்கும். அதைப் பார்த்து மயங்க வேண்டாம். நான் முதலில் பார்ப்பது வேறு சில.

முதலாவது, எந்த எல்லைக்குள் செல்லும் என்பது. என்னோடு வேலை செய்யும் மலேசியத் தமிழர் ஒருவர் தினமும் ஜோகூர் பாருவிலிருந்து வருகிறார். வாரத்தில் ஐந்து நாள் இங்கே, இரண்டு நாளும் எல்லா இரவும் அங்கே. அவருடைய திட்டம் சிங்கப்பூர் மருத்துவமனைகளுக்கு மட்டுமானது. உடம்புக்கு வருவது எல்லை பார்த்தா வரும்? நம்மில் பலர் ஆண்டுக்கு ஒரு மாதமாவது ஊரில் இருக்கிறோம். அந்த ஒரு மாதத்துக்குத் திட்டம் என்ன சொல்கிறது என்று கேளுங்கள். அனைத்துலகத் திட்டம் எடுப்பவர்கள் அமெரிக்காவைச் சேர்ப்பதா விடுவதா என்பதையும் பாருங்கள். அங்கே மருத்துவச் செலவு மிக அதிகம் என்பதால் அதைச் சேர்த்தாலே சந்தா எகிறும். அமெரிக்கா போகும் எண்ணம் இல்லாதவர் அதற்குக் காசு கட்ட வேண்டியதில்லை.

இரண்டாவது, நம் கையிலிருந்து போவது எவ்வளவு. இதில் இரண்டு சொற்கள் புழங்கும். 'டிடக்டிபிள்' என்றால் ஓராண்டில் முதலில் நாம் கட்டிவிட வேண்டிய தொகை. 'கோ-இன்ஷூரன்ஸ்' என்றால் மீதியில் நம் பங்கு. ஒரு கணக்குப் போடுவோம். கட்டணம் 20,000 வெள்ளி. டிடக்டிபிள் 3,500. நம் பங்கு 10 விழுக்காடு. முதலில் 3,500 நம்முடையது. மீதி 16,500ல் 10 விழுக்காடு 1,650. ஆக, காப்புறுதி இருந்தும் நம் கையிலிருந்து 5,150 வெள்ளி. இதைத் தெரிந்துகொண்டு வாங்குபவருக்கு அதிர்ச்சி இல்லை.

இங்கேதான் கம்பெனி அட்டைக்கும் சொந்தத் திட்டத்துக்கும் நல்ல பொருத்தம் இருக்கிறது. ஒரே செலவுக்கு இரண்டு இடத்தில் முழுப் பணம் வாங்க முடியாது. ஆனால் ஒன்று விட்ட இடத்தை மற்றது நிரப்பலாம். நான் எடுத்த திட்டத்தில் டிடக்டிபிளையும் என் பங்கையும் நிறுவனத்தின் காப்புறுதியிலிருந்து கட்ட முடிந்தது. மேலே சொன்ன கணக்கில் நிறுவனம் 5,000 வெள்ளி வரை கொடுத்தால் என் கையிலிருந்து போவது 150 வெள்ளிதான். ஆகவே நிறுவனத் திட்டம் இருப்பவர்கள், டிடக்டிபிள் அதிகமாகவும் சந்தா குறைவாகவும் உள்ள சொந்தத் திட்டத்தை எடுக்கலாம். சளிக்கும் காய்ச்சலுக்கும் கம்பெனி அட்டை. பெரிய அடி விழுந்தால் சொந்தக் குடை. "எதுக்கு ரெண்டு" என்ற கேள்விக்கு இதுவும் ஒரு பதில். வேலை போகும் காலத்தில் அந்த டிடக்டிபிள் அளவுக்கு ஒரு தொகையை வங்கியில் தொடாமல் வைத்திருந்தால் போதும்.

மூன்றாவது, காத்திருப்புக் காலம். புதிதாக மணமானவர்கள் கவனிக்க வேண்டியது. மகப்பேற்றுச் செலவை ஏற்கும் திட்டங்கள் பல மாதம், சில சமயம் ஓராண்டு, காத்திருக்கச் சொல்லும். கர்ப்பம் உறுதியான பிறகு ஓடிப்போய் வாங்கினால் அந்தப் பிரசவத்துக்கு உதவாது. பல திட்டங்களில் மகப்பேறு இருக்கவே இருக்காது. குழந்தை பிறந்த எத்தனையாவது நாளிலிருந்து குழந்தையைச் சேர்க்கலாம் என்பதையும் கேட்டுவிடுங்கள்.

நான்காவது, புதுப்பித்தல். ஒரு முறை பெரிய நோய் வந்து பணம் கொடுத்தபின், அடுத்த ஆண்டு நம்மைக் கழற்றிவிட முடியுமா? உறுதியாகப் புதுப்பிக்கப்படும் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருக்க வேண்டும். வாய்ச்சொல் போதாது. இங்கிருந்து வேறு நாட்டுக்கு மாற்றினால் என்ன ஆகும், நிரந்தரவாசம் கிடைத்தால் அதே திட்டத்தைத் தொடரலாமா என்பதையும் இந்த இடத்திலேயே கேட்கலாம். வயது ஏற ஏறச் சந்தா ஏறும் என்பதால் நாற்பது, ஐம்பது வயதில் எவ்வளவு வரும் என்ற அட்டவணையைக் கேட்டு வாங்குங்கள்.

ஒப்பந்தம் கைக்கு வந்த பிறகும் குறைந்தது 14 நாள் அவகாசம் உண்டு. படித்துப் பார்த்துப் பிடிக்கவில்லை என்றால் திருப்பிக் கொடுத்துவிடலாம். அந்த 14 நாளில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியத்தை ஒதுக்கி, 'எவற்றுக்குப் பணம் கிடையாது' என்ற பகுதியை மட்டுமாவது படியுங்கள். என்ன கிடைக்கும் என்பதை முகவர் சொல்லிவிடுவார். என்ன கிடைக்காது என்பதைக் காகிதம்தான் சொல்லும்.

பயன்படுத்தும்போது

வாங்கிப் பெட்டியில் பூட்டி வைத்தால் போதாது. டெங்கியில் கிடந்தபோது என் மனைவி செய்தவற்றையே வரிசையாகச் சொல்கிறேன்.

அவசரப் பிரிவுக்குப் போகும் வழியிலேயே ஒப்பந்த எண்ணையும் காப்புறுதி நிறுவனத்தின் தொலைபேசி எண்ணையும் எடுத்து வைத்துக்கொண்டாள். இருவர் கைப்பேசியிலும் அவை படமாக இருந்தன. படுக்கை உறுதியானதும் நிறுவனத்தை அழைத்து, உத்தரவாதக் கடிதம் கிடைக்குமா என்று கேட்டாள். அந்தக் கடிதம் இருந்தால் முன்பணத்தை மருத்துவமனை குறைக்கும், சில சமயம் கேட்கவே கேட்காது. எந்த வகை வார்டுக்குத் திட்டம் பொருந்தும் என்று கேட்டு, அதே வகையில் சேர்த்தாள். மேல்வகை வார்டில் படுத்தால் முழுத் தொகையும் கிடைக்காது, விகிதம் பார்த்துக் குறைப்பார்கள்.

திட்டமிட்டுச் செய்யும் அறுவை சிகிச்சை என்றால் இன்னும் நிதானமாகச் செய்யலாம். மருத்துவர் நிறுவனத்தின் பட்டியலில் இருக்கிறாரா என்று பாருங்கள். முன்கூட்டியே ஒப்புதல் கேளுங்கள். வீட்டுக்கு வந்த பிறகு, சேர்வதற்கு முன்னால் எடுத்த பரிசோதனைகளுக்கும், பின்னால் போன மறுபரிசோதனைகளுக்கும் உள்ள ரசீதுகளைத் தொலைத்துவிடாதீர்கள். குறிப்பிட்ட நாள்களுக்கு அவற்றையும் கேட்டு வாங்கலாம். நம்மில் பலர் கேட்பதே இல்லை.

கோரிக்கையை மறுத்தால் அதோடு விட்டுவிடவும் கூடாது. எந்த விதியின்படி மறுக்கிறீர்கள் என்று எழுத்தில் கேளுங்கள். நிறுவனத்தோடு பேசித் தீராவிட்டால் ஃபிட்ரெக் எனப்படும் நிதித்துறைச் சச்சரவுத் தீர்வு நிலையம் இருக்கிறது. முதல் கட்டமாக இரு தரப்பையும் பேச வைத்துத் தீர்க்க முயல்வார்கள். வழக்கறிஞர் வேண்டியதில்லை.

அம்மா வரும்போது

நம் கதை நம்மோடு முடிவதில்லை. ஊரில் பெற்றோர் இருக்கிறார்கள். அம்மா ஆண்டுக்கு ஒரு முறை ஒரு மாதம் இங்கே வருவார். அவருக்கு ஊரில் ஒரு மருத்துவக் காப்பீடு எடுத்திருக்கிறேன். (இங்கே காப்புறுதி, அங்கே காப்பீடு. அம்மாவுக்கு இரண்டும் 'இன்சூரன்சு'தான்.) அந்தக் காப்பீடு இந்திய மருத்துவமனைகளுக்கு மட்டுமே. இங்கே வரும்போது தனியாகப் பயணக் காப்புறுதி எடுக்க வேண்டும். அதிலும் ஏற்கெனவே இருக்கும் சர்க்கரை நோயால் வரும் சிக்கலைப் பெரும்பாலான திட்டங்கள் ஏற்பதில்லை. அதற்கும் சேர்த்துக் கொடுக்கும் திட்டங்கள் சிலவற்றில் உண்டு, தேடித்தான் வாங்க வேண்டும். "ஒரு மாசத்துக்கு எதுக்குடா காசு" என்று அம்மா கேட்பார். மாத்திரைப் பெட்டியை நிரப்பிக்கொண்டு வாருங்கள், இதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்பேன்.

இந்தியாவில் 2024 ஏப்ரல் முதல் விதிகள் சற்று மாறியுள்ளன. 65 வயதைத் தாண்டியவர்களும் புதிதாகக் காப்பீடு வாங்க வழி செய்யப்பட்டிருக்கிறது. ஏற்கெனவே உள்ள நோய்களுக்கான காத்திருப்புக் காலம் அதிகபட்சம் மூன்று ஆண்டு என்று குறைக்கப்பட்டிருக்கிறது.

அந்த மூன்று ஆண்டு நமக்கும் ஒரு பாடம். என்றாவது ஊருக்கே திரும்பிவிடுவோம் என்ற எண்ணத்தில்தான் நம்மில் பலர் இங்கே இருக்கிறோம். திரும்பும் நாளில் இங்குள்ள திட்டம் கைவிட்டுப் போகலாம். அங்கே போய் ஐம்பது வயதில் புதிதாக வாங்கினால், இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் அன்றிலிருந்துதான் எண்ணத் தொடங்குவார்கள். வெளிநாட்டில் வசிக்கும் இந்தியர்களும் இந்தியாவில் காப்பீடு எடுக்கலாம். திரும்புவதற்கு மூன்று ஆண்டு முன்னாலேயே எடுத்து வைத்தால், போய் இறங்கும்போது காத்திருப்பு முடிந்திருக்கும். நான் சென்ற ஆண்டு எடுத்துவிட்டேன். எப்போது திரும்புவேன் என்று எனக்கே தெரியாது. அதனால்தான் எடுத்தேன்.

அந்தத் தம்பிக்கு

கல்யாணத்துக்கு வாழ்த்துகள். உங்கள் நிறுவனம் கொடுக்கும் அட்டை நல்ல அட்டைதான், நன்றாகப் பயன்படுத்துங்கள். முதலில் மனிதவளப் பிரிவிடம் மூன்று கேள்வி கேளுங்கள். ஆண்டு வரம்பு எவ்வளவு? மனைவிக்கும் உண்டா? வேலையை விட்டால் எந்த நாளோடு முடியும்? மூன்றாவது கேள்விக்கு வரும் பதிலைக் கேட்டதும் உங்களுக்கே புரியும், ஏன் இரண்டு வேண்டும் என்று.

உங்களுக்கு இருபத்தெட்டு வயது இருக்கும். எந்த நோயும் இல்லை. படிவத்தில் எல்லாக் கேள்விக்கும் உண்மையாகவே 'இல்லை' என்று எழுதக்கூடிய காலம் இது. அந்தக் காலம் யாருக்கும் சொல்லிக்கொண்டு முடிவதில்லை. எங்களுக்கு ஒரு விடியற்காலை மூன்று மணிக்கு முடிந்தது.

காலாவதியான அந்த அட்டையை நான் இன்னும் தூக்கிப் போடவில்லை. சந்தா கட்டும் நாளில் "இந்த மாசமும் வீணாப் போச்சே" என்று எப்போதாவது முணுமுணுத்தால், மனைவி அலமாரியைத் திறந்து அதை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டுப் போவாள்.